சதைப்பற்றுச் செடிகளை வளர்க்கும் முறை

கற்றாழை, இரணகள்ளி, பிரண்டை, கற்பூரவல்லி, மருள் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீட்டை மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் முன்பு காண்பது அரிது. லயத்து வீட்டின் பின்புறத்திலும் வேலியோரத்திலும் அவை தாமாகவே தழைத்திருந்தன. சளிக்குக் கற்பூரவல்லி, துவையலுக்குப் பிரண்டை, கண்ணேறு கழிக்க வாசலில் தொங்கும் கற்றாழை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருந்தது. ஜாசின், ஆலோர் காஜா வட்டாரத் தோட்டங்களை விட்டுப் பட்டணத்து மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியோர் இன்று பலர். மண் தரை இல்லாத அவ்வீடுகளிலும் ஒரு சிறு தொட்டிக்குள் வளரக்கூடியவை இச்செடிகள்.

ஆயினும், மாணவர்கள் ஆசையோடு வாங்கி வைக்கும் சதைப்பற்றுச் செடிகள் ஓரிரு மாதங்களிலேயே அழுகி மடிவதைக் காண்கிறோம். "ஒரு நாளும் தண்ணீர் ஊற்றத் தவறியதில்லையே!" என்று பிள்ளைகள் வருந்துவர். அவர்கள் கூறுவது உண்மையே. அந்தத் தண்ணீர்தான் செடியைக் கொன்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இச்செடிகளுக்கு மிகவும் பொருந்தும். செடியின் உடலமைப்பையும் அது வேலை செய்யும் நேரத்தையும் அறிந்துகொண்டால், அதனை வளர்க்கும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

சதைப்பற்றுச் செடி என்பது யாது?

நீர் கிடைக்கும் காலத்தில் அதனைத் தன் உடலில் சேமித்து வைத்து, கிடைக்காத காலத்தில் அச்சேமிப்பைக் கொண்டு வாழும் செடியே சதைப்பற்றுச் செடி. கற்றாழை தன் இலையில் நீரைச் சேமிக்கிறது. சப்பாத்திக்கள்ளி தட்டையான தண்டில் சேமிக்கிறது. அழகிய பூப் பூக்கும் அடீனியம் பருத்த அடித்தண்டில் சேமிக்கிறது.

இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சப்பாத்திக்கள்ளியும் நம் சந்தைகளில் விற்கும் டிராகன் பழச் செடியும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. திருகுகள்ளியோ ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை ஒடித்தால் வெண்பால் வடியும். நம் பெற்றோருக்கும் பாட்டன்மாருக்கும் சோறு போட்ட இரப்பர் மரமும் அதே ஆமணக்குக் குடும்பம்தான். ஒரே குடும்பத்தில் ஒன்று மழைக்காட்டு மரமாகவும் மற்றொன்று வறண்ட நிலத்துச் செடியாகவும் வளர்ந்திருப்பது இயற்கையின் விந்தை அன்றோ!

பகலில் மூடி இரவில் திறக்கும் துளைகள்

பால்மரம் சீவுவோர் விடியுமுன் வேலைக்குச் செல்வது ஏன் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? செடிகளின் இலைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. இரப்பர் மரம் பகலில் அவற்றைத் திறந்து, உணவு தயாரிக்கத் தேவையான கரிவளியை உள்ளிழுக்கிறது. அப்போது மரத்திலுள்ள நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. இரவில் துளைகள் மூடிக்கொள்வதால் மரத்தில் நீர் நிறைந்து, பால் குழாய்களில் அழுத்தம் மிகுகிறது. ஆகவேதான் விடியற்காலையில் சீவினால் பால் நிறைய வடிகிறது. வெயில் ஏற ஏறப் பால் குறைகிறது.

பெரும்பாலான சதைப்பற்றுச் செடிகளின் வழக்கம் இதற்கு நேர் எதிரானது. அவை பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன; குளிர்ந்த இரவில் திறந்து கரிவளியைப் பெறுகின்றன. இரவில் ஒளி இல்லாமையால் அதனை உடனே உணவாக்க இயலாது. எனவே அக்கரிவளியை ஒருவகை அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கின்றன. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து கரிவளியை மீட்டு, கதிரவன் ஒளியில் உணவு சமைக்கின்றன. பொதுவாக ஒரு கிராம் கரிவளியைப் பெறுவதற்குச் சாதாரணச் செடிகள் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. இச்செடிகளோ 50 முதல் 100 கிராம் நீரையே இழக்கின்றன. இவ்வளவு சிக்கனமாக வாழும் செடிக்கு நாள்தோறும் நீர் எதற்கு?

இவ்வுண்மை வெளிப்படத் துணைபுரிந்தது நம் இரணகள்ளியே என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் தமிழகத்துத் தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர்ச் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணிபுரிந்தவர். இரணகள்ளியின் இலை காலையில் புளியாரைக் கீரையைப் போலப் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும், மாலையில் சற்றே கசப்பதையும் அவர் கண்டறிந்தார். இதனை விளக்கி அவர் எழுதிய கடிதம் 1813ஆம் ஆண்டில் இலண்டன் இலின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதே அச்சுவை மாற்றத்திற்குக் காரணம் எனப் பிற்கால அறிவியலாளர் தெளிவுபடுத்தினர்.

மாணவர்கள் இதனைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால், இரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. ஆதலின் இலையை வாயில் இடுதல் கூடாது. காலையில் வகுப்புத் தொடங்குமுன் ஓர் இலையைப் பறித்து நசுக்கி, அதன் சாற்றில் நீல லிட்மஸ் தாளைத் தோய்த்து எடுங்கள். அதே செடியில் வெயில் பட்ட மற்றோர் இலையைப் பள்ளி முடியும் வேளையில் பறித்து, அவ்வாறே செய்யுங்கள். இரு தாள்களையும் அருகருகே வைத்து நோக்கினால், காலையில் தோய்த்த தாளின் சிவப்பு மிகுந்திருப்பது தெரியும்.

நம் மாநிலத்தின் தட்பவெப்பம்

தமிழகத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 950 மில்லிமீட்டர். மலாக்காவிலோ அஃது ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். காற்றிலும் ஈரம் மிகுதி. எனவே, வறண்ட நிலத்துச் செடிகளை இங்கு வளர்ப்போர் வறட்சியை விட ஈரத்திற்கே அஞ்ச வேண்டும்.

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்வோர், ரோஜா மலரைப் போல் இலைகளை அடுக்கிய எச்சவேரியா என்னும் சிறு செடியை வாங்கி வருவதுண்டு. மெக்சிகோ நாட்டு மலைப்பகுதிகளில் பெரிதும் வளரும் அச்செடி குளிர்ந்த இரவை நாடுவது. கேமரன் மலையின் குளிரில் அது செழித்திருக்கும். மலாக்காவிலோ இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. நன்றாகத் துளைகளைத் திறக்கவும் இயலாமல், மண்ணின் ஈரத்தையும் தாங்காமல் அச்செடி விரைவில் நலிகிறது.

ஆதலால், முதன்முதலாக வளர்ப்போர் நம் மண்ணிற்குப் பழகிய செடிகளைத் தேர்ந்தெடுத்தல் நன்று. கற்றாழை, இரணகள்ளி, மருள், பிரண்டை, கற்பூரவல்லி, பத்துமணிப்பூ, அடீனியம் ஆகியவை நம் வெப்பத்தைத் தாங்குவன. இவற்றுள் கற்பூரவல்லி மட்டும் சற்று மிகுதியாக நீர் விரும்பும்.

தொட்டியும் மண்ணும்

விலை உயர்ந்த தொட்டி தேவையில்லை. பழைய பால் டின், எண்ணெய்ப் புட்டியின் அடிப்பாகம், உடைந்த வாளி எதுவும் ஆகும். அடியில் துளை இருத்தல் மட்டும் இன்றியமையாதது. இரப்பர் மரத்தில் கட்டும் மங்கு பார்வைக்கு அழகாக இருப்பினும், அதன் அடியில் துளை கிடையாது. அதில் நட்ட செடிக்கு நீர் தேங்கி வேர் அழுகும். செடி சிறிதாயின் தொட்டியும் சிறிதாகவே இருக்கட்டும். பெரிய தொட்டியில் மண் மிகுதி. அது காய நாளாகும்.

வீட்டுக் கொல்லையிலுள்ள களிமண்ணை அப்படியே இடுதல் தவறு. பருமணல் இரண்டு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். மணலை ஆற்றிலிருந்து கொணர்ந்த மணலாகப் பார்த்து வாங்க வேண்டும். கடற்கரை மணலில் உப்பு உள்ளது; அது வேரைக் கெடுக்கும். கருக்கிய உமி கிடைக்காவிடில் அடுப்புக்கரியை நொறுக்கிச் சேர்க்கலாம்.

தொட்டியின் அடியில் இட உடைந்த செங்கல்லைத் தேட வேண்டுவதில்லை. சரளை கலந்த செம்மண் நம் மாநிலத்தில் நிறைய உண்டு. மண்ணியலார் இத்தகைய மண்வகை ஒன்றுக்கு 'மலாக்கா' என்றே பெயர் சூட்டியுள்ளனர். அச்சரளையைக் கழுவிக் களிமண்ணை நீக்கிவிட்டு, துளை அடையாதபடி சில கற்களை இட்டு, எஞ்சியதை மண் கலவையிலும் சேர்க்கலாம். கலவையை நனைத்துக் கையால் இறுகப் பிடித்துப் பாருங்கள். பிடியை விட்டதும் உதிர்ந்தால் அது தக்க மண். உருண்டையாக நின்றால் இன்னும் மணல் வேண்டும்.

கன்று உண்டாக்கும் முறை

ஒரு செடியிலிருந்து பல செடிகளைப் பெறுதல் மாணவர்க்கு மிக்க மகிழ்ச்சி தரும் பணி. எல்லாவற்றிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. வெட்டிய துண்டை உடனே நடுதல் கூடாது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் மூன்று முதல் ஏழு நாள் வரை வைத்து, வெட்டுவாய் உலர்ந்து தோல் கட்டிய பின்னரே நட வேண்டும். பச்சைப் புண்ணோடு நட்டால் ஈர மண்ணிலுள்ள காளான் கிருமிகள் உட்புகுந்து அழுகச் செய்யும். கற்பூரவல்லிக்கு மட்டும் இக்காத்திருப்பு தேவையில்லை.

1. இரணகள்ளி: முற்றிய இலை ஒன்றை ஈர மண்ணின் மேல் கிடத்தினாலே போதும். இலை விளிம்பின் பள்ளங்களில் சிறு கன்றுகள் தோன்றும். புத்தகத்திற்குள் இலையை வைத்துக் குட்டி போடுவதைப் பார்க்கும் விளையாட்டை நம் பாட்டிமாரும் ஆடியதுண்டு. கன்றுக்கு இரண்டு இணை இலைகள் வந்ததும் பிரித்து நடலாம்.

2. கற்றாழை: இதன் இலையை நட்டால் பெரும்பாலும் அழுகிப்போகும். தாய்ச்செடியின் அடியில் தோன்றும் பக்கக் கன்றுகள் ஒரு சாண் உயரம் வளர்ந்ததும், வேரோடு பிரித்தெடுத்து நட வேண்டும்.

3. மருள்: வாள் போன்ற இலையைப் பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி நடலாம். முதலில் எப்பக்கம் கீழே இருந்ததோ அப்பக்கமே மண்ணிற்குள் இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. வேர் விட ஓரிரு மாதங்கள் ஆகும். மஞ்சள் விளிம்புள்ள மருளின் இலையை நட்டால் மஞ்சள் மறைந்து பச்சைக் கன்றே பிறக்கும். மஞ்சள் வேண்டுவோர் கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

4. பிரண்டை: இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள தண்டை, ஒரு கணு மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். பற்றிப் படர ஒரு கம்பு ஊன்றுக.

5. கற்பூரவல்லியும் பத்துமணிப்பூவும்: விரல் நீளக் கிளையைக் கிள்ளி நட்டால் இரண்டு வாரங்களுக்குள் வேர் பிடிக்கும்.

மலாக்காவில் மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்களே இப்பணிக்கு ஏற்றவை. பள்ளித் தோட்டத்தில் மழைக்காலத்தில் நட வேண்டியிருப்பின், கூரையின் கீழ் வைத்துக் கன்று உண்டாக்குக. நட்ட முதல் வாரம் நீர் ஊற்ற வேண்டா. துண்டு தன்னுள் இருக்கும் நீரைக்கொண்டே வேர் விடும். "வேர் வந்துவிட்டதா?" என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தையும் மாணவர்கள் விட்டொழிக்க வேண்டும்.

நீரும் ஒளியும்

நீர் ஊற்றும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யலாகாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் காத்திருங்கள். உலர்ந்து வந்தால் அடித்துளை வழியே வெளிவரும் அளவு நன்றாக ஊற்றுங்கள். பின்னர் மீண்டும் காயவிடுங்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதினும் இதுவே சிறந்தது. கூரையின் கீழ் உள்ள சிறு தொட்டிக்கு ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை போதுமானது. மழையில் நனையும் தொட்டிக்கு அதுவும் தேவைப்படாது.

செடியே தன் நிலையைக் கூறும். இலை சுருங்கி மெலிந்தால் அது தாகம். நீர் ஊற்றினால் ஓரிரு நாளில் நிமிரும். இலை மஞ்சளாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் வண்ணம் குழைந்தால் அஃது அழுகல். அப்போது மேலும் நீர் ஊற்றுதல் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

ஒளியைப் பொறுத்தவரை, கிழக்குப் பார்த்த ஐந்தடியோ சன்னலோரமோ நன்று. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் பட்டால் கற்றாழைக்குப் போதும். பத்துமணிப்பூவிற்கும் அடீனியத்திற்கும் முழு வெயில் வேண்டும். மருள் குறைந்த ஒளியிலும் உயிர் வாழும். தண்டு நீண்டு வெளிறி ஒளியை நோக்கிச் சாய்ந்தால், வெளிச்சம் போதவில்லை என்று பொருள். நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் கடும் வெயிலில் வைத்தால் இலை தீய்ந்துவிடும். பத்து நாள்களில் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும்.

உரம் சிறிதே போதும். கடையில் வாங்கும் திரவ உரமாயின், குறிப்பிட்ட அளவில் பாதியைக் கரைத்து மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊற்றலாம்.

நோயும் பூச்சியும்

அழுகல் தண்டின் அடியில் தோன்றினால், செடியைப் பிடுங்கிக் கூரிய கத்தியால் அழுகிய பகுதியை நீக்குங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றும் தென்படாத வரை வெட்ட வேண்டும். எஞ்சிய பகுதியை உலர்த்திப் புதிய மண்ணில் நட்டால் பெரும்பாலும் பிழைக்கும். இலை இடுக்குகளில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். எறும்புகள் மாவுப்பூச்சியைப் பாதுகாப்பவை. ஆதலால் தொட்டியில் எறும்பு வரிசையாக ஊர்வதைக் கண்டால் மாவுப்பூச்சியைத் தேடிப் பாருங்கள்.

எச்சரிக்கைகள் மூன்று

முதலாவது, தொட்டியின் அடியில் வைக்கும் தட்டு. அதில் தேங்கும் நீரில் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக வளர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே ஆகும். கொசு வளர இடமளிப்போர்க்கு அபராதம் விதிக்க, 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வகை செய்கிறது. வேரை அழுகச் செய்யும் அதே நீர் அண்டை வீட்டுக் குழந்தையின் உயிருக்கும் கேடாகலாம். எனவே தட்டே வேண்டா. வைத்தால் ஒவ்வொரு முறையும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது, பால் வடியும் கள்ளிகள். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக் கேடும் விளையலாம். பட்டுவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடீனியத்தின் சாறும் நஞ்சே. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். பிரண்டையை நறுக்கும்போதும் கை அரிக்கும்; கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுதல் நம் தாய்மாரின் வழக்கம்.

மூன்றாவது, வெட்டிக் கழித்த துண்டுகள். அவற்றை ஆற்றோரத்திலும் செம்பனைக் காட்டோரத்திலும் வீசலாகாது. ஒரு மடல் மண்ணில் விழுந்தாலே வேர் விடும் ஆற்றல் சப்பாத்திக்கள்ளிக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி தென்னிந்தியாவில் விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிப் பரவியது. மனிதர் வெட்ட வெட்டத் துண்டுகள் மீண்டும் முளைத்தன. இறுதியில் 1926ஆம் ஆண்டில், கள்ளியை மட்டுமே உண்ணும் ஒருவகைச் செதில்பூச்சி இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 எக்டர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. மனிதனின் கத்தியால் இயலாததைச் சிறு பூச்சி செய்து முடித்தது. தொட்டிக்குள் இருக்கும்வரை அழகாக இருப்பது, வெளியேறினால் களையாகிவிடும் என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! இச்செடிகள் ஒரு துண்டிலிருந்து ஒரு வீட்டையே நிரப்ப வல்லவை. வீடு மாறும் குடும்பங்கள் மாமரத்தையும் முருங்கையையும் எடுத்துச் செல்ல இயலாது. ஆனால் ஒரு கற்றாழைக் கன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றால், அது சில வாரங்கள் நீரின்றிக் காத்திருந்து புது இடத்தில் வேர் விடும். பாட்டி வளர்த்த செடியின் கன்று பேரனின் அடுக்குமாடி வீட்டிலும் தழைக்கும்.

ஆகவே, இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் ஒவ்வொருவரும் ஓர் இரணகள்ளி இலையையோ கற்பூரவல்லிக் கிளையையோ நட்டு வையுங்கள். நட்ட நாள், நீர் ஊற்றிய நாள், முதல் கன்று தோன்றிய நாள் ஆகியவற்றை ஓர் ஏட்டில் குறித்து வாருங்கள். பள்ளி திறந்ததும் ஒரு கன்றை உங்கள் வகுப்புத் தோழருக்கு அளியுங்கள். அளிக்கும்போது, "மண் காயும்வரை தண்ணீர் ஊற்றாதே" என்னும் ஒரு சொல்லையும் சேர்த்து அளியுங்கள்.